வேலிக்கு அந்தப் பக்கத்துச் சோளம்

கேடர் ஸ்வாம்ப் சாலை,
வடக்கு விஸ்கான்சின்
அக்டோபர் 19, 2009

திரு. வெய்லன் ட்ரம்மல் அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்குக் கிழக்கே, பச்சைத் தகரக் கூரை போட்ட வீட்டில் இருப்பவள் நான். மே மாதம் நீங்கள் டெக்சாஸிலிருந்து லாரி நிறையச் சாமான்களோடு வந்து இறங்கிய வாரம், ஒரு ஜாடி வெள்ளரி ஊறுகாயோடு உங்கள் கேட் வரை வந்தேன். 'உள்ளே வந்தால் சுடப்படும்' என்று பலகை தொங்கியது. திரும்பிப் போய் ஊறுகாயை நானே தின்று தீர்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதமும் தபால்தலை ஒட்டி வருகிறது. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான் இருக்கிறது. இந்தக் காகிதம் மட்டும் ஊரெல்லாம் சுற்றிவிட்டு உங்களிடம் வரும். வரட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலியோரம் மூன்று கால் வைத்த ஒரு பீப்பாயை நிறுத்தியிருக்கிறீர்கள். விடிகாலையில் அது 'கர்ர்' என்று சுற்றி மக்காச்சோளத்தை இறைக்கிறது. மான்கள் கல்யாணப் பந்திக்கு வருவதுபோல் வருகின்றன. டெக்சாஸில் எப்படியோ எனக்குத் தெரியாது. இந்த மாவட்டத்தில் மானுக்குத் தீனி போடுவது தடை. ஒரே குவியலில் மூக்கை நுழைத்துத் தின்றால் மெலிவு நோய் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றும். எலும்பும் தோலுமாகி, எச்சில் ஒழுக, நின்ற இடத்திலேயே சாகிற மானை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

நான் உட்கார்ந்து மான் சுடுகிற பரண் வேலிக்கு இந்தப் பக்கம், உங்கள் பீப்பாய்க்குக் கூப்பிடு தூரம்கூட இல்லை. சோளம் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுட்டால், போட்டவர் யாராக இருந்தாலும் சுட்டவர் பேரில்தான் குற்றம். எடுத்துவிடுங்கள்.

ஆர்டிஸ் ஸோபோட்டா

*

அக்டோபர் 22

அம்மணி,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீடு விற்ற தரகர் முதல் நாளே எச்சரித்தார்: "கிழக்குப் பக்கத்து அம்மாகிட்ட ஜாக்கிரதையா இருங்க. இந்த ஊர்க் காடு முழுக்கத் தன்னுதுன்னு நினைப்பு அதுக்கு." அவர் சும்மா சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது.

எனக்கு வேட்டை சொல்லித்தர வேண்டாம். எட்டு வயதில் முதல் மானைச் சுட்டவன் நான். எங்கள் ஊரில் சோளப் பீப்பாய் இல்லாத வேட்டை நிலமே கிடையாது. இந்த மாநிலத்து விதிப் புத்தகத்தையும் கடையில் வாங்கிப் படித்திருக்கிறேன். இரண்டு கேலன் அளவு, அதாவது ஒரு சின்ன வாளி வரை சோளம் போடலாம் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. உரிமம் வாங்கியாயிற்று. வேட்டைக்காரர்கள் போட வேண்டிய ஆரஞ்சுக் கோட்டும் தொப்பியும் வாங்கியாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் ரோடு போடுகிறவன் மாதிரி இருக்கிறேன். இருந்தாலும் சட்டம் சட்டம்தானே என்று போட்டுக்கொள்ளப் போகிறேன். சட்டத்தை மதிக்கிறவனிடம் வந்து சட்டம் பேசாதீர்கள்.

இன்னொன்று. போன செவ்வாய்க்கிழமை என் பீப்பாய் கவிழ்ந்து கிடந்தது. ஒரு கால் வளைந்திருந்தது. அது யார் வேலை என்று நான் கேட்கப்போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

வெய்லன் ட்ரம்மல்

*

அக்டோபர் 26

திரு. ட்ரம்மல்,

பீப்பாயைக் கவிழ்த்தது கரடி. கீழே மண்ணைப் பார்த்திருந்தால் தடம் தெரிந்திருக்கும். அதில் நான் கை வைத்திருந்தால் நீங்கள் திரும்ப நிமிர்த்தி வைக்கிற நிலையில் அது இருந்திருக்காது.

இரண்டு கேலன் என்பது தடை இல்லாத மாவட்டங்களுக்கு. அதே புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டினால் வரைபடம் இருக்கும். அதில் நம் மாவட்டத்துக்குக் கறுப்பு அடித்திருக்கிறார்கள். டெக்சாஸில் படத்தைப் பார்க்கக் கற்றுத்தரவில்லையா?

உங்களுக்கு நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது. சொல்லித் தொலைக்கிறேன். எனக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துபோய் ஜனவரியில் அறுவை சிகிச்சை. ஏணி ஏற முடியாது. காட்டுக்குள் தூரமாக நடக்க முடியாது. நான் ஏறக்கூடிய பரண் உலகத்திலேயே ஒன்றுதான். என் கணவர் ரோமன் இறப்பதற்கு முந்தின கோடையில், ஏணியை எடுத்துவிட்டு, கைப்பிடி வைத்து எனக்காகப் படிக்கட்டு அடித்துக்கொடுத்த பரண் அது. பதிமூன்று வயதிலிருந்து வேட்டை தொடங்கும் சனிக்கிழமை நான் காட்டில் இல்லாமல் இருந்ததில்லை. மகன் பிறந்த வருடத்தைத் தவிர. குளிர்காலம் முழுக்க நான் தின்பதும் அந்த இறைச்சிதான்.

சோளத்தை எடுத்த பிறகு பத்து நாள் கழிந்தால்தான் அந்த இடம் மறுபடி சட்டப்படி சுத்தம். வேட்டை நவம்பர் 21-இல் தொடங்குகிறது. பத்தாம் தேதிக்குள் எடுத்துவிட்டால் நீங்களும் சுடலாம், நானும் சுடலாம். உங்களை நான் யாரிடமும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஒரு பஞ்சக் குளிர்காலத்தில், பருவம் தப்பி மான் சுட்டதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் என் அப்பாவை வேட்டைக் காவலரிடம் காட்டிக்கொடுத்தார். துப்பாக்கி போயிற்று. வசந்தம் வரும் வரை டர்னிப் கிழங்கைத்தான் தின்றோம். அந்த இரண்டு குடும்பமும் இன்றைக்கும் மாதாகோவிலில் ஒரே வரிசையில் உட்காருவதில்லை. இந்தச் சாலையில் எவர் வீட்டிலும் இனி அது நடக்காது.

ஆகவே கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

ஆர்டிஸ் ஸோபோட்டா

*

நவம்பர் 2

அம்மணி,

உங்கள் இடுப்புக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிட முடியுமா? எங்கள் ஊரில் ஒருவன் சட்டத்தை மீறினால் பக்கத்து வீட்டுக்காரன் நிமிடத்தில் போனை எடுப்பான். அதில் வெட்கம் ஒன்றுமில்லை, திருடனைக் காட்டிக்கொடுப்பது மாதிரிதான். நீங்களோ தடை தடை என்கிறீர்கள், போன் மட்டும் செய்ய மாட்டேன் என்கிறீர்கள். உண்மையிலேயே தடை என்றால் கூப்பிடுங்கள் காவலரை! வரட்டும், நான் காபி போட்டுக் கொடுக்கிறேன். கூப்பிட மாட்டீர்கள். ஏனென்றால் உங்கள் கையில் சட்டம் இல்லை, பொறாமைதான் இருக்கிறது. மான்கள் உங்கள் பக்கத்துச் சதுப்பு நிலத்திலிருந்து என் பக்கம் வந்துவிடுகின்றனவே என்கிற பொறாமை.

வரைபடத்தைப் பார்த்தேன். கறுப்பு அடித்தது போன வருடத்துப் படமாகவும் இருக்கலாம்.

நீங்கள் உங்கள் கதையைச் சொன்னதால் என் கதையையும் சொல்கிறேன். என் மகள் ஷெல்பி இந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குக் குழந்தை பிறந்ததால்தான் இந்தக் குளிர் பிடித்த இடத்துக்கு வந்தேன். அவளுடைய மாமனார் நார்பர்ட் ஷுல்ட்ஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அண்ணன் தம்பி, மச்சான் என்று ஒரு படையே அவர்கள் வேட்டைக் குடிசையில் தங்கும். என்னை ஒரு வார்த்தை வாயேன் என்று கூப்பிடவில்லை. "டெக்சாஸ்காரருக்குக் கார் சன்னலைத் திறந்து சுட்டுத்தானே பழக்கம்?" என்று என் மகள் முன்னாலேயே சிரித்தார்கள். நன்றி கூறும் நாள் விருந்தில் அந்த மேசையில் நான் வெறுங்கையோடு உட்கார முடியாது. கொம்பு வைத்த மான் ஒன்று எனக்கு வேண்டும். அதற்கு நடுவில் உங்கள் படிக்கட்டு வந்தால் நான் என்ன செய்ய?

என் வீட்டுக்கு போன் செய்யவும் வேண்டாம். நம்பரை மாற்றிவிட்டேன்.

வெய்லன் ட்ரம்மல்

*

நவம்பர் 12

திரு. ட்ரம்மல்,

இன்று காலையும் உங்கள் பீப்பாய் சுற்றியது. அடுப்படியில் நின்றுகொண்டே கேட்டேன்.

பத்தாம் தேதி தாண்டிவிட்டது. இனி நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தொடக்க நாள் எனக்கில்லை. இத்தனை வருடத்தில் என்னைப் பனிப்புயல் தடுத்ததில்லை, ரோமனின் சாவு தடுத்ததில்லை. ஒரு சோளப் பீப்பாய் தடுத்துவிட்டது. நன்றாக இருங்கள்.

இதற்கு மேல் எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும். தபால்தலையை அதற்குச் செலவு செய்ய மனமில்லை.

ஆ. ஸோ.

*

நவம்பர் 22

ஏய் அம்மா,

மரியாதை எல்லாம் நேற்றோடு போயிற்று. சாதித்துவிட்டாய் அல்லவா? யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டேன், என் அப்பா, டர்னிப் கிழங்கு, மாதாகோவில் வரிசை... எத்தனை நாடகம்! எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் பின்னாலிருந்து கத்தியைச் சொருகிவிட்டாய்.

நேற்று விடிந்ததும் எட்டுக் கிளைக் கொம்போடு வந்தான் அவன். ஒரே குண்டு. விழுந்த இடத்தை விட்டு நகரவில்லை. சட்டப்படி காதில் அடையாளச் சீட்டுக் கட்டி, வண்டியில் ஏற்றி, சுட்ட மானைப் பதிவு செய்கிற மார்லீன் கடைக்குப் போனேன். கடை நிறைய ஆள், எல்லோரும் ஆரஞ்சு. என் மானைச் சுற்றிக் கூட்டம் கூடியது. நார்பர்டே கிட்டே வந்து கொம்பைத் தொட்டுப் பார்த்தார். "பரவால்ல டெக்சாஸ், எங்க பிடிச்ச இவன?" என்றார். ஆறு மாதத்தில் அந்த ஆள் என்னிடம் சிரித்தது அப்போதுதான்.

அந்த நேரத்தில் காபிக் கோப்பையோடு ஒரு ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வேட்டைக் காவலர். நேராக என் பெயரைச் சொல்லி, "கேடர் ஸ்வாம்ப் சாலை, ஸோபோட்டா வீட்டுக்கு மேற்கே, அங்கதானே நீங்க?" என்று கேட்டான். எப்படித் தெரியும் அவனுக்கு? மானைப் பிடுங்கிக்கொண்டான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். உரிமச் சீட்டையும் வாங்கிக்கொண்டான். ஜனவரியில் நீதிமன்றம். ஒரு ஆள்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நார்பர்ட் தன் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். என் மானைத் தொட்ட கையை!

நீ சந்தோஷமாக இரு. இப்படிப் பக்கத்து வீட்டுக்காரி இருக்கிற ஊரில் என் பேரன் வளரப்போகிறான் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

வெய்லன்

*

நவம்பர் 24

திரு. ட்ரம்மல்,

நீங்கள் ஏகவசனத்தில் எழுதினாலும் நான் எழுத மாட்டேன். ரோமனுக்குப் பிடிக்காது.

நேற்று மார்லீன் ரொட்டி கொண்டுவந்தாள். கடையில் நடந்ததை நீங்கள் எழுதாத பாதியோடு சேர்த்துச் சொன்னாள். நார்பர்ட் எங்கே பிடித்தாய் என்று கேட்டதும் நீங்கள் என்ன சொன்னீர்களாம்? "என் பீப்பாய் ஆறரைக்குச் சோளம் போடும். இவன் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தான். அதுதான் அவன் செஞ்ச தப்பு!" என்று சொல்லிவிட்டு நீங்களே தொடையைத் தட்டிச் சிரித்தீர்களாம். வேறு யாரும் சிரிக்கவில்லையாம். காவலர் உங்களுக்குப் பின்னாலேயே நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாராம். தெருப் பெயர் அவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? நீங்கள் பூர்த்தி செய்த பதிவுச் சீட்டு மேசையில் கிடந்தது.

என் கத்தி எதுவும் உங்கள் முதுகில் இல்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நீங்கள்.

காவலர் என் வீட்டுக்கும் வந்தார். இதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

"ஆர்டிஸ், அந்தாளு பீப்பாய் வச்சது உனக்குத் தெரியுமா?"

"எனக்கு இடுப்பு வலிக்குதுன்னு தெரியும். காபி போடவா?"

"முன்னாடியே யாராவது அவருகிட்ட தப்புன்னு சொன்னாங்களா, அதான் கேக்கறேன். தெரியாம செஞ்சிருந்தா அபராதத்தோட போயிடும். சொல்லியும் கேக்காம செஞ்சிருந்தா மூணு வருஷம் வேட்டை கெடையாது."

"சர்க்கரை எவ்வளவு?"

"உன் பரணும் அந்தச் சோளத்துக்குப் பக்கத்துலதான இருக்கு? நீயும் பேசாம இருந்தா ஊர்ல என்ன நினைப்பாங்க?"

"ஊரு நினைக்கிறதுக்கு நான் காபி போடறதில்ல."

போய்விட்டார். உங்கள் மேல் பிரியம் வந்து நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. உங்களை நினைத்தாலே எனக்கு நெஞ்செரிச்சல் வருகிறது. என் அப்பா வீட்டு வாசலில் நின்ற காவலர் முன்னால் என் அம்மா எப்படி வாயைத் திறக்காமல் நின்றாளோ அப்படி நின்றேன், அவ்வளவுதான்.

என் உறைபெட்டியில் இப்போது பட்டாணியும் ஐஸும் இருக்கின்றன. தொடக்க நாளன்று சன்னலோரம் உட்கார்ந்து மற்றவர்கள் சுடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று உங்களுடையது. அது நன்றாகக் குறி வைத்த குண்டு என்பது சத்தத்திலேயே தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஆர்டிஸ் ஸோபோட்டா

*

நவம்பர் 28

அம்மணி,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

வியாழக்கிழமை நன்றி கூறும் நாள் விருந்துக்கு வெறுங்கையோடுதான் போனேன். வான்கோழிக்குப் பக்கத்தில் நார்பர்ட் வீட்டு மான் தொத்திறைச்சி ஒரு தட்டு நிறைய இருந்தது. யாரும் என் பக்கம் தள்ளவில்லை, நானும் கை நீட்டவில்லை. பேச்சு உங்களைப் பற்றி வந்தது. நார்பர்டின் தம்பி சொன்னான்: "ஆர்டிஸ் இந்த வருஷம் பரண்ல ஏறவே இல்லையாம். ஏன் ஏறல? காவலர் கேட்டும் வாயத் தொறக்கல. அவளும் சேர்ந்துதான் சோளம் போட்டிருப்பா. மாட்டிக்குவோம்னு பயந்து உக்காந்துட்டா." எல்லோரும் தலையாட்டினார்கள். இத்தனை வருடம் உங்களோடு ஒரே மாதாகோவிலுக்குப் போகிறவர்கள்!

நான் எழுந்து நின்றேன். என் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அந்தம்மா எனக்கு எடுன்னு எழுதினாங்க. ஒரு தடவ இல்ல. நான்தான் கேக்கல" என்றேன். நார்பர்ட் முட்கரண்டியைத் தட்டில் வைத்தார். அப்புறம் சொன்னார்: "இத எங்ககிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு."

நேற்றுக் காலையில் காவலர் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். தெரிந்தேதான் செய்தேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். இனி மூன்று வருடம் நான் துப்பாக்கி எடுக்க முடியாது. மற்றபடி யாருக்கும் இதில் பங்கில்லை என்றும் சொல்லியிருக்கிறேன். அதை அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக வந்து பீப்பாயைப் பிரித்து எடுத்தேன். தரையில் கிடந்த சோளத்தைப் பனியோடு சேர்த்து மண்வெட்டியால் வாரினேன். மண்வெட்டிக்கு வராததை முட்டி போட்டுப் பொறுக்கினேன். ஒரு அணில் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. காவலர் மத்தியானம் வந்து பார்த்து, "இன்னைலருந்து பத்து நாள் கணக்கு" என்றார். டிசம்பர் பத்தாம் தேதி பெட்டை மான் வேட்டை தொடங்குகிறது. நான் எண்ணிப் பார்த்தேன், நீங்களும் எண்ணிப் பாருங்கள். உங்கள் பரண் சுத்தம்.

உங்களைத் திட்டி எழுதியதற்கு... சரி, அது தப்பு. ஆனால் வரைபடம் பார்க்கத் தெரியாதா என்று கேட்டதை நான் மறக்க மாட்டேன். நன்றி சொல்லி எழுத வேண்டாம். உங்களை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

வெய்லன் ட்ரம்மல்

*

டிசம்பர் 10, மத்தியானம்

திரு. ட்ரம்மல்,

இதில் தபால்தலை இல்லை. உங்கள் 'சுடப்படும்' பலகைக்குக் கீழே ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறேன். பலகையைத் தாண்டவில்லை, கேட்டில் நின்று வண்டி ஹாரனைத்தான் அடித்தேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் இதை எடுத்திருப்பீர்கள். போன் நம்பரை மாற்றிக்கொண்ட மனிதருக்கு வேறு எப்படிச் சொல்வது?

ஏறினேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் ரோமனைத் திட்டிக்கொண்டே ஏறினேன். உங்கள் சோளம் ஒரு மணிகூட இல்லை. நன்றாகத்தான் பொறுக்கியிருக்கிறீர்கள். பதினோரு மணிக்குச் சதுப்பிலிருந்து கொழுத்த பெட்டை மான் ஒன்று வந்தது. சுட்டேன். சீட்டுக் கட்டிவிட்டேன், குடலும் எடுத்துவிட்டேன். இழுக்கத்தான் முடியவில்லை. கொஞ்சம் முயன்று பார்த்தேன், இடுப்பு விட்டுவிட்டது. பனியில் உட்கார்ந்து அழுதேன். அது உங்களுக்கு வேண்டாத விஷயம்.

ஷுல்ட்ஸ் வீட்டில் ஆறு தடியன்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள். என்னைச் சோளம் போட்டவள் என்று சொன்ன வாய்கள் என் மானைத் தொட வேண்டாம். நீங்கள்தான் வந்து இழுக்க வேண்டும்; செத்து, சீட்டுக் கட்டின மானை இழுப்பது வேட்டை இல்லை, உங்கள் மூன்று வருடத் தடையில் அது வராது. காவலரை நானே போனில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். என் வாழ்நாளில் அந்த நம்பருக்கு போன் செய்தது இதுதான் முதல் தடவை. அதுவும் உங்களுக்காக. அதற்காகவும் உங்கள் மேல் எனக்குக் கோபம்.

இந்தச் சாலையில் மானை இழுத்துக் கொடுப்பவருக்கு ஒரு பின்னங்கால் உண்டு. தர்மமும் இல்லை, தயவும் இல்லை. வழக்கம். நார்பர்டின் மேசைக்கு அதைக் கொண்டுபோவதோ நீங்களே தின்பதோ உங்கள் பாடு.

வேலி வழியாக வரலாம், நான் அனுமதிக்கிறேன். இருட்டுவதற்குள் வாருங்கள், ஓநாய்கள் மோப்பம் பிடித்துவிடும். நீளமான கயிறு கொண்டுவாருங்கள். அந்த ஆரஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், காட்டில் மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாயை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இந்த வருடத்துக்கு அது வேண்டிய மட்டும் வேலை செய்துவிட்டது.

ஆர்டிஸ்